குடுக்க வேண்டியவங்க குடுக்கணும்

ஒவ்வொரு கேஸுக்கும் கிளம்பும் முன்பு அவள் என் மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைப்பாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று எல்லாவற்றையும் நான் பார்த்தாக வேண்டும்.

"நல்லா பாத்துக்கமே. போசொல்ல ஒரு கீறல் கெடையாது. வரசொல்லவும் இப்டியே கீதான்னு பாக்கணும். உங்க ஆபீஸுதான அனுப்புது? அப்ப ஆபீஸுதான் பாக்கணும்."

நான் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பயப்படுவேன். சுண்டுவிரல் ஓரத்தில் இம்மியளவு தோல் உரிந்திருந்தால்கூட அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருக்கும். எனக்கு எல்லாமே பயம்தான். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கோ என்று தோன்றும். போன் இரண்டு தடவைக்கு மேல் அடித்தால் கெட்ட செய்தி என்று தோன்றும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு, மயிலாப்பூரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை கிடைத்திருந்தது. அது போய்விடுமோ என்கிற பயம் மற்ற எல்லாப் பயங்களுக்கும் தலைமைப் பயம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. லஸ் முனைக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைக் குளிப்பாட்ட, துணி மாற்ற, புண் துடைக்க வீடுகளுக்குப் பெண்களை அனுப்புவோம். நடத்தியவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். மேடம் என்று கூப்பிடுவோம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, இடது கையில் கடிகாரம், நிமிர்ந்த முதுகு. அவர் படியேறி வருகிற சத்தத்திலேயே நான் எழுந்து நின்றுவிடுவேன்.

அவள் கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து வந்தவள். என் வயதுதான், இருபத்தாறு. அம்மா மீன் விற்கிறவள், அப்பா அடுத்தவர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின குரல் அவளுக்கு. ரகசியம் சொன்னாலும் கீழே மருந்துக்கடைக்குக் கேட்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவளே அதை விரும்பமாட்டாள்.

எங்கள் ஆபீஸில் க்ளவுஸ் விஷயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கேஸுக்கு ஒரு ஜோடி. கேஸ் ஒரு மாதம் ஓடினாலும் அந்த ஒரு ஜோடிதான். கேஸ் முடிந்ததும் அது ஆபீஸுக்குத் திரும்பி வரும். அதை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பது என் வேலை. காய்ந்ததும் ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதுவேன். பலூன் மாதிரி ஐந்து விரலும் புடைத்து நிற்கும். கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தால், ஓட்டை இருந்தால் காற்று சில்லென்று கன்னத்தில் படும். அந்த இடத்தில் சைக்கிள் டியூப் ஒட்டுகிற பசையால் ஒரு ஒட்டு. பிறகு உள்ளேயும் வெளியேயும் பவுடர் போட்டு, காகித உறையில் மடித்து, அடுத்த கேஸுக்கு அனுப்பிவிடுவோம். "ஆஸ்பத்திரியில டாக்டருங்க க்ளவுஸை நாங்க இப்படித்தான் பண்ணினோம். இவ கை ரொம்ப சுத்தம்" என்று மேடம் வருகிறவர்களிடம் சொல்லுவார். ஆஸ்பத்திரியில் அதற்கப்புறம் கொதிநீராவியில் வைப்பார்கள் என்பதும், ஊதுவதற்கு யாரும் வாயை வைக்கமாட்டார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கை சுத்தம் என்பதுதான். அதில் ரொம்பப் பெருமை.

மற்ற பெண்கள் யாரும் எதுவும் கேட்டதில்லை. க்ளவுஸ் கிழிந்துபோனால் பால் கவரைக் கழுவி, கையில் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வார்கள். கேட்டவள் அவள் ஒருத்திதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உறையைப் பிரித்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இத்த யாரு போட்டுகினு இருந்தது?"

"தெரியலையே."

"அவங்க பாத்த பேஷண்டுக்கு இன்னா வியாதி?"

"அதுவும் தெரியல. ஆனா ஓட்டை கிடையாது. நானே பாத்தேன்." எப்படிப் பார்ப்பேன் என்று ஊதியும் காட்டினேன். பாதி ஊதும்போதே என் வாயிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"அய்ய! இன்னாமே நீ, பீப்பி ஊதற மாதிரி ஊதிகினு கீற? யாரு சொன்னாங்க வாயில வெக்க சொல்லி?"

"மேடம்தான்."

"கூப்புடு மேடத்த."

"பேங்குக்குப் போயிருக்காங்க."

"வரட்டும்." பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, எதிரே இருந்த காலண்டரைப் பார்த்தபடி. இரண்டு மணி நேரம். நான் டீ சொன்னேன், வேண்டாம் என்றாள். கேஸ் வீட்டிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. ஒவ்வொரு தடவையும் இதோ கிளம்பிவிட்டாள் என்றேன். அவள் காலை ஆட்டக்கூட இல்லை.

மேடம் வந்ததும் எழுந்து நின்று மரியாதையாகத்தான் கேட்டாள். "மேடம், புதுசு வேணும்."

"வேணும்னா கேஸ் வீட்டுல கேட்டு வாங்கிக்கோ. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"அவங்க எதுக்கு மேடம் குடுக்கணும்? குடுக்க வேண்டியவங்க குடுக்கணும். எங்க குப்பத்துல போட்டு ஓனரு போட்டு குடுக்கறாரு, வலை குடுக்கறாரு. அதுக்கோசரம் மீனுல பங்கு எடுக்கறாரு. 'மீனு வாங்கறவங்க வூட்டாண்ட போயி வலை கேளு'ன்னு எந்த ஓனராவது சொல்வாரா? சொன்னா குப்பமே சிரிக்கும். நீங்களும் எங்க கூலில பங்கு எடுக்கறீங்க. எடுங்க, வேணாங்கல. வலை உங்குளுது."

மேடத்தின் முகம் சிவந்துபோயிற்று. "முப்பது வருஷம் வெறுங்கையால பாத்தவ நான். எத்தனை ரத்தம், எத்தனை சீழ்! எனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சந்தோசம் மேடம். எங்கப்பாகூட முப்பது வருசமா கடலுக்குப் போய்கினுதான் கீறாரு, ஒண்ணும் ஆவல. அதுக்காவ ஓட்டை போட்டுல ஏறுவாரா?"

மேடம் உள்ளே போனார். பிரிக்காத உறை ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். "இவளுக்கு மட்டும்" என்றார் என்னைப் பார்த்து. அவள் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அதன்பிறகு அவளுக்கு மட்டும் கேஸுக்கு ஒரு புது ஜோடி. கிழிந்தால் திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவாள். மற்ற பெண்களிடமும் சொன்னாள்: "நான் ஒண்ணும் மந்திரம் போடல. கேட்டுட்டு உக்காந்தேன், அவ்ளோதான். நீங்களும் உக்காருங்க." யாரும் உட்காரவில்லை. எனக்கும் அதில் நிம்மதிதான். ஒருத்தி உட்கார்ந்ததற்கே எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அவளிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. கேஸ் வீட்டில் அன்பாகக் கொடுத்தாலும் க்ளவுஸ் வாங்கமாட்டாள். காபி குடிப்பாள், பூ வைத்துக்கொள்வாள், பலகாரம் கொடுத்தால் எங்களுக்கும் கொண்டுவருவாள். க்ளவுஸ் என்றால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஒரு தடவை மாட வீதி வீட்டிலிருந்து ஒரு மாமி போன் பண்ணினார்.

"ஏண்டிம்மா, எங்கேருந்து பிடிச்சேள் இந்தப் பொண்ணை? மாமியாரைத் தங்கமா பாத்துக்கறா, நான் குறை சொல்லலை. க்ளவுஸ் கிழிஞ்ச கையைப் பாத்தா பாவமா இருக்கேன்னு ஆத்துக்காரர்கிட்ட சொல்லி க்ளவுஸ் வாங்கிண்டு வந்து குடுத்தா, 'நீங்க குடுத்துட்டா அவங்க அப்பால குடுக்கவே மாட்டாங்க மாமி, அவங்களுக்கு போன் போடுங்க'ங்கறா! அதான் போடறேன். என்னன்னு சொல்றது உங்க மேடம்கிட்ட?"

நான் மேடத்திடம் சொல்லவில்லை. திட்டு விழுமே என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாமி மேடத்தையே பிடித்துப் பேசிவிட்டார். புது ஜோடி அந்த வீட்டுக்குப் போயிற்று. சொல்லாததற்கும் எனக்குத் திட்டு விழுந்தது.

இந்த மாதிரி ஏழெட்டு மாதம் ஓடியது. பிறகு ராஜா அண்ணாமலைபுரம் கேஸ் வந்தது.

கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இழுத்து இழுத்து வரும். முதுகில் படுக்கைப்புண், தொட்டால் ரத்தம் கசியும். மருமகள்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். எங்கள் ஆபீஸ் அவளை அங்கே அனுப்பிய எட்டாம் நாள், அந்த வீட்டு டிரைவர் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் ஆபீஸுக்கு எழுதியது. மேடம் படித்தார், மடித்தார், டிராயரில் வைத்தார்.

"அவருக்கு வேற ஒரு வியாதியும் இருக்காம். அவகிட்ட சொல்லாத. சொன்னா நிக்கமாட்டா. அவ போனா வேற எவளும் போகமாட்டா. நான் பாத்துக்கறேன்."

மேடம் பார்த்துக்கொள்வார் என்று நானும் நம்பினேன். மறுநாள் அவள் போன் பண்ணினாள். "வலது கை கட்டைவிரலாண்ட கிழிஞ்சிகிச்சிமே. பெரியவர வுட்டுட்டு வர முடியல. மேடத்தாண்ட சொல்லு." சொன்னேன். மேடம், "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். அந்த நாளையும் போய்விட்டது.

அதற்கும் அடுத்த நாள், மேடம் சாப்பிடப் போயிருந்த நேரம், நான் டிராயரைத் திறந்தேன். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. ஒரு வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. அந்த வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் அந்த அளவுக்குத்தான் உதவியது. கீழே மருந்துக்கடைக்காரரிடம் காட்டினேன்.

"மஞ்சள் காமாலையில இது ஒரு வகைம்மா. கல்லீரலைப் பிடிச்சிடும். ரத்தம், சீழ் பட்டா ஒட்டிக்கும். க்ளவுஸ் இல்லாம தொடக்கூடாது. யாருக்கு?"

"யாருக்கோ" என்றேன்.

மாடிக்கு ஏறினேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போய்ச் சொன்னால் என் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அவள் கட்டைவிரலில் பட்ட ரத்தம் அவளுக்குள் போய்விடும். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கண்முன்னால் வந்து நின்றது அவள் விரல்தான். முகம் கழுவிக்கொண்டு, மேடம் வந்ததும் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறவில்லை, நடந்தேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேனே.

மதியம் மூன்று மணி இருக்கும். பெரியவர் படுக்கையை நனைத்திருந்தார். அவள் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை க்ளவுஸின் கிழிசல் வழியாகக் கட்டைவிரல் முழுசாக வெளியே தெரிந்தது. நடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவளுடைய குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தினி நாளா?"

"மூணு நாளா."

"உனுக்கு?"

"வேற வியாதின்னு அன்னிக்கே தெரியும். இன்னதுன்னு இன்னிக்குத்தான்." அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். "வந்துடு. போயிடலாம் வா" என்றேன்.

"எங்க போறது? பெரியவரு ஈரத்துல கீறாரு."

க்ளவுஸைக் கழற்றினாள். குழாயைத் திறந்து முழங்கை வரை சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவினாள். அதற்குள் மருமகள் வந்துவிட்டாள். "டாக்டர்தான் எழுதி அனுப்பிச்சாரே! உங்க மேடம் சொல்லலியா?" என்று அவள் பதறிய பதற்றத்தில் பொய் இல்லை. இவள் போனைக் கேட்டு வாங்கி ஆபீஸுக்குப் போட்டாள்.

"மேடம், நாந்தான். லெட்டரு சமாசாரம் தெரிஞ்சிகிச்சி. யாரு சொன்னா, எவுரு சொன்னான்றத அப்பால பேசிக்கலாம். புதுசு வேணும். ஒரு ஜோடி இல்ல, பெட்டி. நீங்களே கொண்ணாரணும். அதுவரிக்கும் பெரியவராண்ட உக்காந்து பேசிகினு கீறேன். கைய வெக்கமாட்டேன்."

மருமகள் கையைப் பிசைந்தாள். "டிரைவரை அனுப்பறேன், அஞ்சு நிமிஷத்துல வாங்கிண்டு வந்துடுவான். அப்பா ஈரத்துல கிடக்கறாரே!"

இவள் முகம் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். எத்தனையோ தடவை அடுத்தவர் கொடுத்ததை மறுத்தவள். அப்போதெல்லாம் யாரும் ஈரத்தில் கிடக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ப் பெரியவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"ஐயா, மேடம் க்ளவுஸ் எடுத்துகினு வர்றாங்க. லஸ்லேந்து ஆட்டோவுல இருவது நிமிசம் ஆவும். அதுக்குள்ள வேணும்னா உங்க வூட்டு ஆளு வாங்கியாரட்டும், நான் மாத்திடறேன். உங்க உடம்பு. நீங்க சொல்றதுதான்."

பெரியவர் அவளையே பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அவாளே... வரட்டும். கோர்ட்டுல... இருபது நிமிஷமா? இருபது வருஷம்... காத்துண்டு இருந்தவாளை... எல்லாம் பாத்திருக்கேன்."

வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. இவளும் சிரித்துவிட்டாள். நாற்காலியைக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து, திருக்கை மீன் குத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குக் கதை சொன்னாள். நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். இருபது நிமிஷம் நாற்பது ஆயிற்று.

மேடம் வந்தார். வாசலில் என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி உள்ளே போனார். பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? தள்ளு, நானே மாத்தறேன். வெறுங்கையால மாத்தறேன் பாரு."

கையைப் படுக்கைக்கு நீட்டினார். அவள் சட்டென்று எழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மேடத்தைத் தொட்டுப் பிடித்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

"வேணாம் மேடம். உங்க கையும் கைதான்."

பெட்டியைப் பிரித்து முதல் ஜோடியை எடுத்தாள். மேடத்தின் விரல்கள் அதற்குள் ஒழுங்காக நுழையவில்லை. கடிகாரம் தடுத்தது, பழக்கமும் இல்லை. இவள் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, க்ளவுஸின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டாள். அப்புறம் தனக்கு மாட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பெரியவரைப் புரட்டினார்கள், துடைத்தார்கள், விரிப்பை மாற்றினார்கள். புண்ணைத் துடைக்கும்போது மேடம் கை எவ்வளவு மெதுவாகப் போயிற்று என்றால், பெரியவர் முனகக்கூட இல்லை.

வெளியே ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்ததும் மேடம் கேட்டார். "நாளைலேர்ந்து வேலைக்கு வராதேன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

"வருவேன். பெட்டி நெறைய க்ளவுஸ் கீதே, நான் வராம யாரு போடறது?"

மேடம் ஆட்டோவில் ஏறப் போனார். இவள் விடவில்லை. "இன்னொண்ணும் கீது மேடம். எனுக்கும் இவுளுக்கும் ரத்தம் பாக்கணும். இவ வாயால ஊதிகினு இருந்தவ."

மேடம் என்னை நெடுநேரம் பார்த்தார். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கோபம் இல்லை.

"நாளைக்குக் காலையில போவோம். மூணு பேரும்" என்றார்.

மூன்றாவது ஆள் யார் என்பது ஆட்டோ போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சோதனையிலும், சில மாதம் கழித்து மறுபடி பார்த்ததிலும் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், என்னைப் போன்றவர்கள் கவலைப்பட வேண்டாம். என் வேலையும் போகவில்லை. எல்லாக் கேஸுக்கும் எல்லாப் பெண்களுக்கும் பெட்டி போக ஆரம்பித்தது. தடுப்பூசியும் ஆபீஸே போட்டது. அவள் இன்னும் ஒன்றரை வருஷம் எங்களோடு இருந்துவிட்டு, கல்யாணமாகிக் காசிமேடு பக்கம் போனாள். ஆனால் எனக்கு அவளை நினைத்தால் முதலில் வருவது அந்த மறுநாள் காலைதான்.

தி. நகரில் ஒரு லேப். எங்களுக்கு முன்னால் நாலு பேர், பின்னால் பத்துப் பேர். அவள் முறை வந்தது. ரத்தம் எடுக்கிற ஆள் அவள் கையில் ரப்பர் நாடாவைக் கட்டினார். பஞ்சை எடுத்தார். ஊசியை எடுத்தார். வெறுங்கை. அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, க்ளவுஸ்?"

"எனக்கு எதுக்கும்மா? ஊசி புதுசு, உனக்கு ஒண்ணும் ஆகாது."

"எனுக்கு இல்லண்ணே. என் ரத்தத்துல இன்னா கீதுன்னு பாக்கத்தான வந்துகீறேன்? இருந்துச்சின்னா உனுக்கு வருமே."

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். "இங்க குடுக்கறதில்லம்மா."

"குடுக்க வேண்டியவரு எங்க?"

"டாக்டர் உள்ள இருக்காரு. பிஸி."

"வரட்டும்." நாடாவை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. "ஏம்மா, வேலைக்குப் போக வேணாமா?" என்றார் ஒருவர். "வந்த இடத்துல என்ன ரகளை?" என்றார் இன்னொருவர்.

"நீ போயி குத்திக்கமே. எனுக்காவ நிக்காத" என்றாள் என்னிடம். ரத்தம் எடுக்கிறவரும் என்னைத்தான் பார்த்தார். "அடுத்தது நீங்களா?"

வழக்கம்போல் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மடித்துவிட்டிருந்த ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"உங்க டாக்டரைக் கூப்பிடுப்பா. நாங்க மூணு பேரும் உக்காந்திருக்கோம்" என்றார்.

ரத்தம் எடுக்கிறவர் எழுந்து உள்ளே போனார். பிறகு உள் அறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.